ஒரு வீடு, மூன்று மெஷ் பெட்டிகள்: கேபிளா, கம்பியில்லாத் தொடர்பா? ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருச்சியில் ஒரு வீடு. தரைத்தளம் 1987இல் கட்டியது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கம்பி கட்டிய காங்கிரீட் தளம். முதல் மாடி 2006இல் எழுந்தது. மொட்டைமாடியில், மாடிப்படிக் கூண்டிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி, பிற்பாடு ஓர் அறை கட்டினார்கள். கீழே ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். முதல் மாடியில் மகனும் மருமகளும் குடியிருக்கிறார்கள். மொட்டைமாடி அறை பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பேரனின் படிப்பறை.

மகன் மென்பொருள் வேலையை வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தே செய்கிறார். மருமகள் வெளிநாட்டில் இருக்கும் மாணவர்களுக்கு இணையம் வழியாக வாய்ப்பாட்டு கற்பிக்கிறார். ஃபைபர் இணைப்பு 300 மெகாபிட் திட்டம். அதன் பெட்டி கீழே முன்ஹாலில், தெருவிலிருந்து கம்பி நுழையும் சன்னலோரம் சுவரில் இருக்கிறது.

2024 மார்ச்சில் மகன் மூன்று பெட்டி கொண்ட மெஷ் ரௌட்டர் ஒன்றை வாங்கினார்; பெட்டிகள் தமக்குள் பேசிக்கொண்டு ஒரே வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் வகை அது. வைஃபை 6, 2.4 மற்றும் 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகள், அட்டைப்பெட்டியில் பெரிதாக 1800 என்ற எண். அந்த எண் 574, 1201 என்ற இரு அலைவரிசைகளின் உச்ச வேகங்களைக் கூட்டி முழுமையாக்கியது. எந்தக் கருவிக்கும் அந்த வேகம் கிடைக்காது. நிறுவியது அவரேதான்: முதல் பெட்டி ஃபைபர் பெட்டியின் பக்கத்தில், இரண்டாவது முதல் மாடி வேலை அறையில், மூன்றாவது மொட்டைமாடி அறையில்.

ஏப்ரலில் என்னை அழைத்தார். சிறு அலுவலகங்களுக்கு வலையமைப்பு அமைத்துத் தருவது என் தொழில். அவர் என்னோடு படித்தவர். வீட்டாரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

முதல் நாள் கண்டவை

முறையீடு மூன்று விதமாக வந்தது. மகனுக்கு அலுவலகக் கூட்டங்களில் முகம் உறைந்து நின்றது. மருமகளுக்கு வீடியோ போனாலும் பரவாயில்லை, குரல் விட்டுவிட்டு வந்ததுதான் பொறுக்கவில்லை. மாணவி ஒரு வரியைப் பாடும்போது நடுவிலுள்ள இரண்டு ஸ்வரங்கள் காணாமல் போனால் திருத்துவதற்கு எதுவும் இருக்காது. பேரனுக்குப் பாட வீடியோ சுழன்றுகொண்டே இருந்தது. "இத்தனை காசு போட்டு வாங்கியும் பழைய ஒற்றைப் பெட்டியே தேவலாம் போலிருக்கிறது, தம்பி" என்றார் தலைமையாசிரியர்.

ஆனால் எல்லோருடைய கைப்பேசியிலும் வைஃபை கோடுகள் முழுதாக இருந்தன. மெஷ் பெட்டிகளால் வரும் குழப்பங்களில் இதுதான் முதலாவது. கைப்பேசியில் தெரியும் கோடுகள், கைப்பேசிக்கும் பக்கத்திலுள்ள பெட்டிக்கும் இடையே உள்ள சிக்னலைத்தான் காட்டுகின்றன. அந்தப் பெட்டிக்கும் கீழே ஹாலில் இருக்கும் முதன்மைப் பெட்டிக்கும் இடையிலான தொடர்பு, அதாவது பேக்ஹால், எப்படி இருக்கிறது என்று அவை சொல்லாது. தெருக்குழாயில் தண்ணீர் வராத நாளில் வீட்டுக்குழாயைப் பளபளவென்று துடைத்து வைத்திருப்பது போன்ற நிலை.

ஆகவே பேக்ஹாலைத் தனியாக அளந்தேன். ஒரு மடிக்கணினியை முதன்மைப் பெட்டியில் கேபிளால் இணைத்தேன். இன்னொன்றை மாடிப் பெட்டியில் கேபிளால் இணைத்தேன். இரண்டுக்கும் இடையே ஐபெர்ஃப் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். இப்படிச் செய்தால் இணைய நிறுவனத்தின் வேகமும் கைப்பேசியின் தரமும் கணக்கில் வராது. பெட்டிகளுக்கு இடையிலான பாதை மட்டும் தெரியும்.

வேலை அறைப் பெட்டிக்கு 62 மெகாபிட் கிடைத்தது. மொட்டைமாடிப் பெட்டிக்கு 11 முதல் 18 வரை. வேலை அறைப் பெட்டி முதன்மைப் பெட்டியிடமிருந்து பெற்ற சிக்னல் மைனஸ் 76 டிபிஎம். இது சிக்னலின் வலிமையைச் சொல்லும் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும். மைனஸ் 67க்குக் கீழே போனால் குரலுக்கும் வீடியோவுக்கும் நம்ப முடியாது என்பது இத்துறையில் பழகிய கணக்கு.

62 மெகாபிட் குறைவா என்று கேட்கலாம். ஒரு வீடியோ கூட்டத்துக்கு 4 மெகாபிட் இருந்தால் தாராளம். ஆகவே வேகம் இங்கே குற்றவாளி அன்று. முதன்மைப் பெட்டிக்குத் தொடர்ச்சியாகப் பிங், அதாவது பதில் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கும் சிறு செய்தி, அனுப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பெரும்பாலான பதில்கள் 5 மில்லிசெகண்டுக்குள் திரும்பின. இடையிடையே 180, 240, 310. சில பதில்கள் வரவே இல்லை. பதிவிறக்கத்துக்கு இது உறைக்காது. தாமதமாக வந்த துண்டும் கடைசியில் சேர்ந்துவிடும். பாட்டுக்கும் பேச்சுக்கும் தாமதமாக வந்த துண்டு குப்பை.

காரணம் தேட அதிக நேரம் ஆகவில்லை. இரண்டாவது பெட்டி இரும்பு பீரோவின் மேல் உட்கார்ந்திருந்தது. பீரோவின் கதவில் ஆளுயரக் கண்ணாடி. அதற்குக் கீழே காங்கிரீட் தளம், அதனுள் கம்பிவலை. 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 6 சென்டிமீட்டர். ஈரம் ஏறிய தடித்த காங்கிரீட்டும் கம்பியும் அதை நன்றாகவே விழுங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் தாங்கும், ஆனால் அந்தத் தெருவில் எல்லா வீட்டுப் பெட்டிகளும் அதில்தான் இருந்தன.

மூன்றாவது பெட்டியின் நிலை இன்னும் பரிதாபம். அது இரண்டாவது பெட்டி வழியாகப் பேசிக்கொண்டிருந்தது. இரட்டை அலைவரிசைப் பெட்டியில் பேக்ஹாலுக்கும் கைப்பேசிகளுக்கும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோதான். அந்த ரேடியோ ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் முடியாது. கீழிருந்து வாங்கி மேலே கொடுப்பதற்கு இருமுறை உழைக்க வேண்டும். ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழ பாதியாகும்.

செலவில்லாத முதல் மாற்றம்

சிக்னல் மோசமாக இருக்கும் இடத்தில் பெட்டியை வைப்பதுதான் எல்லோரும் செய்வது. பெட்டிக்கும் சிக்னல் வேண்டும் என்பது மறந்துபோகிறது. சிக்னல் இன்னும் நன்றாக இருக்கிற, ஆனால் குறையத் தொடங்குகிற இடம்தான் அதற்குரிய இடம்.

இந்த வீட்டில் இரண்டு தளங்களுக்கும் நடுவே காங்கிரீட் இல்லாத ஒரே வழி மாடிப்படி. இரண்டாவது பெட்டியை மாடிப்படி முடியும் நடையில், பழைய தொலைபேசி வைத்திருந்த மரப் பலகைமேல் வைத்தோம். சிக்னல் மைனஸ் 61 ஆயிற்று. எண்ணில் 15 தான் வித்தியாசம். டெசிபல் கணக்கில் இது சுமார் முப்பது மடங்கு கூடுதல் சக்தி. ஐபெர்ஃப் 210 மெகாபிட் காட்டியது. வேலை அறைக்கும் அந்தப் பலகைக்கும் இடையே ஒரு நாலரை அங்குலச் சுவர் மட்டும்.

அன்றே பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று மகன் நினைத்தார். நானும் பாதி அப்படித்தான் நினைத்தேன். இரண்டு வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பகல் கூட்டங்கள் சீராயின. மாலை ஆறு மணிக்கு மேல், கீழே தொலைக்காட்சி படம் ஓடும்போதும், மேலே பேரன் வகுப்பில் இருக்கும்போதும், நடுவில் மருமகளின் பாட்டு வகுப்பில் பழைய கோளாறு தலைகாட்டியது. முன்பு நாள்தோறும் நடந்தது இப்போது வாரத்தில் இரண்டு மூன்று முறை. ஒரே ரேடியோ எல்லோருடைய சுமையையும் பகிர்ந்தபோது வரிசையில் காத்திருந்தது குரல்தான்.

எந்த இணைப்புக்கு எது

இங்கேதான் கேபிளா, கம்பியில்லாத் தொடர்பா என்ற கேள்வி எழுந்தது. வீடு முழுவதற்கும் ஒரே பதில் தேடுவது வீண் என்பது என் எண்ணம். கீழிருந்து முதல் மாடிக்கு ஓர் இணைப்பு, முதல் மாடியிலிருந்து மொட்டைமாடிக்கு இன்னோர் இணைப்பு. இரண்டின் சுமையும் தடையும் வேறு. தனித்தனியாகவே பார்த்தோம்.

பேக்ஹாலுக்கென்றே மூன்றாவது ரேடியோ வைத்திருக்கும் விலை கூடிய பெட்டிகளை மாற்றி வாங்கலாம் என்றார் மகன். அது வேலை செய்யும். ஆனால் புதிதாக வாங்கிய செட்டை ஒதுக்க வேண்டும், அந்த மூன்றாவது ரேடியோவுக்கும் அதே காங்கிரீட்தான் குறுக்கே நிற்கும்.

மின்கம்பி வழியாகவே தரவை அனுப்பும் அடாப்டர்களைப் பற்றித் தலைமையாசிரியர் எங்கோ படித்திருந்தார். சுவரில் சொருகினால் போதும், துளையிட வேண்டாம். இந்த வீட்டில் அது எடுபடாது. தமிழ்நாட்டில் பல வீடுகளைப் போல இங்கும் தளத்துக்கு ஒரு மின் இணைப்பு, தளத்துக்கு ஒரு மீட்டர். இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை ஒவ்வோர் இணைப்புக்கும் இருந்ததால் அப்படி வாங்கியிருந்தார்கள். இரண்டு மீட்டரையும் இரண்டு ஃபேஸையும் தாண்டி அந்த அடாப்டர் பேசுவதை நம்பி பணம் போட முடியாது. நடுவில் இன்வெர்ட்டர் வேறு.

டிஷ் ஆண்டெனாவின் பழைய கோஆக்சியல் கேபிள் வீட்டுக்குள் பைப்பில் ஓடியது. அதன் வழியே தரவை அனுப்பும் கருவிகளும் உண்டு. ஆனால் அவை பயன்படுத்தும் அலைவரிசை டிஷ்ஷின் அலைவரிசையோடு மோதும், நம் ஊர்க் கடைகளில் அவை எளிதில் கிடைப்பதும் இல்லை. டிஷ் இணைப்பை அவர்கள் ஓராண்டுக்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தார்கள். ஆகவே அந்தக் கேபிளை விட, அது படுத்திருந்த பைப்தான் எங்களுக்கு வரமாகத் தோன்றியது.

முடிவு இது: கீழிருந்து முதல் மாடிக்கு, டிஷ் பைப் வழியாகக் கேட் 6 என்ற வகை வலையமைப்புக் கேபிள். நாள் முழுக்க உழைக்கும் இணைப்பு இதுதான், மொட்டைமாடியின் சுமையும் இதில்தான் ஏறும். முதல் மாடியிலிருந்து மொட்டைமாடிக்குக் கம்பியில்லாத் தொடர்பே போதும். மாடிப்படிக் கூண்டின் வாசல் வழியே சிக்னல் மைனஸ் 64 இருந்தது, ஒரே ஆள் மாலையில் மூன்று மணி நேரம் பயன்படுத்துகிறார். வெட்டவெளியில் செம்புக் கேபிளைக் கொண்டுபோனால் இடி மின்னலுக்குப் பயப்பட வேண்டும் என்பதும் ஒரு காரணம். இந்த இரண்டாவது முடிவு தவறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கேபிள் இழுத்த நாள்

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. எலெக்ட்ரீசியன் ஒருவரை வீட்டார் ஏற்பாடு செய்திருந்தார்கள். கேபிளையும் அவரே வாங்கி வந்திருந்தார். கையில் தூக்கியதும் எடை குறைவாகத் தோன்றியது. ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டினோம். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய சரக்கு. மீட்டருக்குச் சில ரூபாய் மிச்சமாகும். இழுக்கும்போது எளிதில் முறியும், வேகமும் நிலைக்காது. திருப்பிக் கொடுத்துவிட்டுத் திண்ணமான செம்புக் கேபிள் 20 மீட்டர் வெட்டி வாங்கி வரச் சொன்னேன். அவர் முகம் சுளித்தாலும் போய் வந்தார்.

மின்கம்பி ஓடும் பைப்பிலேயே சேர்த்துத் தள்ளிவிடலாம், வேலை சீக்கிரம் முடியும் என்றார். சம்மதிக்கவில்லை. 230 வோல்ட் கம்பியோடு உரசிக்கொண்டு தரவுக் கேபிள் படுக்கக் கூடாது. எலி கடித்தோ சூட்டில் இளகியோ உறை பழுதானால், மடிக்கணினியைத் தொடுபவருக்கு ஆபத்து.

டிஷ் கேபிளின் முனையில் புதிய கேபிளை டேப் போட்டுக் கட்டி, மேலிருந்து பழையதை இழுத்தோம். இரண்டாவது வளைவில் சிக்கியது. நான்கு ஜோடிக் கேபிளைச் சுமார் 11 கிலோ எடைக்கு மேற்பட்ட விசையில் இழுக்கக் கூடாது என்பது விதி. மீறினால் உள்ளே முறுக்கிய ஜோடிகள் நீண்டு பிரியும். நான் கீழே இருந்தேன். மேலே இருவர் சேர்ந்து இழுத்தார்கள். "வந்துவிட்டது சார்!" என்ற குரல் கேட்டபோது எவ்வளவு விசை போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. கீழிருந்து மெல்லத் தள்ளிக்கொடுக்க நான் நின்றிருந்தேன், ஆனால் மேலே நிற்பவரிடம் எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லி வைக்கவில்லை. அது என் குறை.

இரு முனைகளிலும் சுவர் சாக்கெட் மாட்டினோம். எலெக்ட்ரீசியன் கீழ் முனையை ஃபைபர் பெட்டியில் காலியாக இருந்த துளையில் சொருகினார். இதுவும் அடிக்கடி நடக்கும் பிழை. இந்த மெஷ்ஷில் முதன்மைப் பெட்டிதான் ரௌட்டர். துணைப் பெட்டிகள் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும். ஃபைபர் பெட்டியில் சொருகினால், துணைப் பெட்டி வேலிக்கு வெளியே நிற்கும் ஆள்போல ஆகிவிடும். முதன்மைப் பெட்டியில் வீட்டுக் கருவிகளுக்கான (லேன்) துளைக்கு மாற்றியதும், மெஷ்ஷின் கைப்பேசிச் செயலியில் மாடிப் பெட்டியின் கீழ் "ஈதர்நெட்", அதாவது கேபிள் இணைப்பு, என்று வந்தது. எல்லோரும் மகிழ்ந்தோம். அளக்காமல் கிளம்பினேன். மாலை வேறொரு வேலை இருந்தது, சாக்கு அவ்வளவுதான்.

94

திங்கட்கிழமை மகன் அழைத்தார். "பாட்டு வகுப்பு இப்போது தெளிவாக இருக்கிறது. ஆனால் வேகம் முன்பைவிடக் குறைந்துவிட்டது. கேபிள் போட்டபின் குறையுமா?"

வேகச்சோதனையில் எத்தனை வந்தது என்று கேட்டேன். 93, 94, 94. அந்த எண்ணைக் கேட்டவுடனே காரணம் தெரிந்துவிட்டது. 100 மெகாபிட் ஈதர்நெட் இணைப்பில், தரவோடு கூடவே போகும் முகவரிக் குறிப்புகளை (ஹெடர்) கழித்தபின் பயனாளருக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட 94தான். கிகாபிட் இணைப்பில் 940 வரும். இடையில் வேறு எண் வந்தால் பல காரணம் தேட வேண்டும்; 94இலேயே ஆணி அடித்தாற்போல் நின்றால் ஒன்றே ஒன்றுதான்.

100 மெகாபிட்டுக்குக் கேபிளின் எட்டுக் கம்பிகளில் நான்கு போதும்: 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மிச்சமுள்ள நான்கில் ஒன்று அறுந்தால் இணைப்பு நிற்காது, குரல் கொடுக்காது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். செயலி அப்போதும் "ஈதர்நெட்" என்றே காட்டும். மெஷ் பெட்டிகளும் கேபிள் கிடைத்தால் கேபிளைத்தான் பிடித்துக்கொள்கின்றன. பக்கத்திலேயே 210 மெகாபிட் கம்பியில்லாப் பாதை இருந்தாலும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆக, பழுதான கேபிள் நல்ல வைஃபையை வீட்டைவிட்டுத் துரத்தியிருந்தது.

மறுநாள் எட்டு விளக்குச் சோதனைக் கருவியோடு போனேன். ஒன்று முதல் ஆறு வரை வரிசையாக எரிந்தது. ஏழு எரியவில்லை. எட்டு எரிந்தது. ஏழு என்பது வெள்ளையும் பழுப்பும் கலந்த கம்பி. கீழ்ச் சாக்கெட்டை அவிழ்த்து மறுபடி அமுக்கினேன், பயன் இல்லை. மேல் முனைக்குப் போனேன். டேப் போட்டுக் கட்டி இழுத்த முனை அதுதான். இழுவிசை முழுதும் தாங்கியது அந்த ஒரு சாண். வழக்கமாக அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுத்தான் சாக்கெட் மாட்ட வேண்டும். நீளம் போதாமல் போகுமோ என்று எலெக்ட்ரீசியன் வெட்டாமல் மாட்டியிருந்தார்.

அரை மீட்டர் வெட்டினேன். நல்ல வேளை, பாக்ஸுக்குள் அதற்கு இடம் இருந்தது. வெட்டிய துண்டின் உறையைப் பிளந்து பார்த்தபோது பழுப்பு ஜோடியின் முறுக்கு நீண்டு நேராகிக் கிடந்தது. வெள்ளைப் பழுப்புக் கம்பி உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. புதிய முனையில் எட்டு விளக்கும் எரிந்தன. ஐபெர்ஃப் 938 காட்டியது.

அந்தத் துண்டை மகன் தன் மேசையில் வைத்திருக்கிறார்.

இரும்புக் கதவு

ஜூலை அமைதியாகக் கழிந்தது. வேலை அறையில் 285 மெகாபிட். பிங் 2 மில்லிசெகண்டைத் தாண்டுவது அரிது. மூன்றாவது பெட்டிக்கும் தாவல் ஒன்றாகக் குறைந்தது, ஏனெனில் இரண்டாவது பெட்டி இப்போது கீழே பேசுவதற்கு ரேடியோவைச் செலவிடவில்லை. மொட்டைமாடி அறையில் பகலில் 140 வந்தது.

ஆகஸ்ட்டில் பேரனுக்கு இரவு எட்டரை மணி வகுப்பு தொடங்கியது. ஒன்பது மணிக்கு இணைப்பு விழுந்தது. மறுநாளும் ஒன்பது மணிக்கு. மூன்றாம் நாளும். மகன் ஃபைபர் நிறுவனத்தை அழைத்துச் சண்டை போட்டார். கீழே எல்லாம் சரியாக ஓடியது. கருவியில் நேரம் வைத்து அணைக்கும் அமைப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடினோம். இல்லை. சேனலை மாற்றினேன். மென்பொருளைப் புதுப்பித்தேன். ஒரு வாரம் இப்படிப் போயிற்று, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

விடையைச் சொன்னவர் தலைமையாசிரியரின் மனைவி. "ஒன்பது மணிக்குத்தானே நான் மேல்கதவைப் பூட்டிவிட்டு வருவேன்?" என்றார்.

மாடிப்படிக் கூண்டின் வாசலில் இருந்தது இரும்புத் தகட்டுக் கதவு. நான் அளந்தது நண்பகலில். துணி காயப்போட்டிருந்ததால் கதவு விரியத் திறந்திருந்தது. மைனஸ் 64 என்ற அந்த எண், திறந்த கதவின் எண். பூட்டியபின் அளந்தேன்: மைனஸ் 83. பேரன் வகுப்பு முடிந்து இறங்கி வரத் தன்னிடம் ஒரு சாவி வைத்திருந்தான். ஆகவே பூட்டுவதை யாரும் ஒரு நிகழ்ச்சியாகவே நினைக்கவில்லை.

கதவைத் திறந்து வைத்திருங்கள் என்று சொல்ல முடியாது. திருச்சியில் மொட்டைமாடி வழியாக வருகிறவர்கள் குரங்குகள் மட்டும் அல்லர்.

மூன்றாவது பதில்

மொட்டைமாடிக்கும் கேபிள் வேண்டும் என்பது உறுதியாயிற்று. ஆனால் கூண்டிலிருந்து அறைக்கு நான்கு மீட்டர் திறந்தவெளி. ஐப்பசி, கார்த்திகை இடி மழை எதிரில் நின்றது. பக்கத்தில் விழும் மின்னல்கூட வெட்டவெளியில் கிடக்கும் செம்புக் கேபிளில் மின்னழுத்தத்தைத் தூண்டி, இரு முனையிலும் இருக்கும் பெட்டிகளின் துளைகளை எரித்துவிடக்கூடும். இப்படிக் கருகிய நெட்வொர்க் ஸ்விட்ச்களை, அதாவது ஒரு கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் பெட்டிகளை, வடகிழக்குப் பருவமழையில் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டு முனையும் ஆலையிலேயே மாட்டி வந்த, வெயில் தாங்கும் உறை கொண்ட 20 மீட்டர் ஃபைபர் கேபிள் ஒன்றையும், ஒளியை ஈதர்நெட்டாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் இரண்டையும் வாங்கினோம். கடையில் அரை விலையில் ஒரு ஜோடி இருந்தது. அது 100 மெகாபிட் வகை. மறுபடியும் 94ஐப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

அக்டோபர் முதல் வாரம் வேலை முடிந்தது. கதவுச் சட்டத்துக்கு மேலே ஒரு துளை, பாராபெட் சுவரின் அடியில் பிவிசி பைப், அறைச் சுவரில் இன்னொரு துளை. முதல் மாடியில் ஐந்து துளை கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று சேர்ந்தது, ஏனெனில் மெஷ் பெட்டியில் இரண்டே துளைகள். ஒன்றில் கீழிருந்து வரும் கேபிள், இன்னொன்று மகனின் கணினிக்கு. இந்த முறை அளந்துவிட்டுத்தான் கிளம்பினேன். கதவைப் பூட்டச் சொல்லி அளந்தேன். 936.

பின்விளைவு

2025 ஜனவரி இறுதிவரை வீட்டார் ஒரு நோட்டில் தடங்கல்களைக் குறித்து வைத்தார்கள். தலைமையாசிரியரின் கையெழுத்து, நாள் நேரத்துடன். நான்கு மாதத்தில் ஏழு பதிவுகள். மூன்று, தெருவில் ஃபைபர் அறுந்தது. மூன்று, மின்தடை: கீழே இருந்த பெட்டிகள் இன்வெர்ட்டரில் இருந்தன, முதல் மாடி ஸ்விட்சும் கன்வெர்ட்டரும் இன்வெர்ட்டர் இல்லாத பிளக்கில் இருந்தன. கேபிள் போட்டதால் மின்சாரம் கேட்கும் பெட்டிகள் கூடியதை நான் கணக்கில் எடுக்கவில்லை. 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டினார்கள். ஏழாவது பதிவு, டிசம்பரில் மொட்டைமாடிக் கன்வெர்ட்டரின் அடாப்டர் எரிந்தது. அன்று மூன்றாவது பெட்டி தானாகவே கம்பியில்லாத் தொடர்புக்கு மாறிக்கொண்டது; கதவு திறந்திருந்த பகலில் யாருக்கும் தெரியவே இல்லை, இரவில்தான் தெரிந்தது.

முதல் கேபிளுக்கு, கூலியும் சாக்கெட்டும் சேர்த்து, ஏறக்குறைய 2,400 ரூபாய் ஆயிற்று. மொட்டைமாடி ஃபைபர் வேலைக்கு அதைப்போல் இரு மடங்குக்குச் சற்று மேல்.

பாட்டு வகுப்பில் குரல் அறுபடுவது நின்றது. தொலைவினால் வரும் தாமதம் நிற்கவில்லை, நிற்கவும் நிற்காது. ஆகவே ஆசிரியையும் மாணவியும் சேர்ந்து பாட முடியாது. ஒருவர் பாடி முடித்தபின் மற்றவர் பாடுகிறார்கள். இதற்கும் கேபிள்தான் மருந்து என்று மருமகளிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

மீண்டும் செய்வதென்றால்

கேபிளை முடித்த அன்றே அளப்பேன். செயலி "ஈதர்நெட்" என்று காட்டுவதை அளவாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கிகாபிட்டில் இணைந்திருக்கிறதா என்பதைத் துளையின் விளக்கிலோ மடிக்கணினியிலோ பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

கம்பியில்லாச் சிக்னலை அளக்கும்போது வீட்டில் எவையெல்லாம் மூடும் என்று முதலில் கேட்பேன். கதவு, ஷட்டர், கார் நிறுத்துமிடத்தின் உருட்டுக் கதவு. வீட்டுப் பெண்களிடம் கேட்பேன். வீட்டின் நேர அட்டவணை அவர்களிடம்தான் இருக்கிறது. அன்று நான் கேட்டிருந்தால் ஆகஸ்ட் மாதம் ஒரு வாரம் மிஞ்சியிருக்கும்.

பைப்பில் ஒரு கேபிளுக்குப் பதில் இரண்டு இழுப்பேன், கூடவே ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவைப்பேன். டிஷ் கேபிள் வெளியே வந்தபின் அந்தப் பைப்பில் இன்னொன்றுக்கு இடம் இருந்தது. இப்போது படுத்திருக்கும் கேபிள் பழுதானால், அதையே கயிறாக வைத்துத்தான் அடுத்ததை இழுக்க வேண்டும்.

மாடிப் பெட்டியின் இடத்திலும் எனக்கு ஐயம் உண்டு. கேபிள் வந்தபின் வேலை அறைப் பெட்டி நடையிலிருந்து மீண்டும் அறைக்குள் போகலாம். சிக்னலுக்காக அது நடையில் நிற்க வேண்டிய தேவை இப்போது இல்லை. பீரோவின் மேல் மட்டும் வேண்டாம் என்று சொன்னேன். மகன் பலகையிலேயே விட்டுவிட்டார்.

தலைமையாசிரியர் இந்த ஆண்டு கீழே சமையலறையை இடித்துக் கட்டுகிறார். கொத்தனார் சுவரில் பைப் பதிக்க வந்த அன்று, மின்சாரத்துக்கு ஒன்று, இதற்குத் தனியாக 25 மில்லிமீட்டர் பைப் ஒன்று, வளைவு வரும் இடத்தில் எல்போ வேண்டாம், பெரிய வளைவாகப் போடு என்று அவரே நின்று சொல்லியிருக்கிறார். பைப்புக்குள் கயிறு விட மறந்துவிட்டார்களாம். பூச்சு காய்வதற்குள் வந்து பார்க்கச் சொல்லி நேற்று அழைத்தார்.